கொழும்புப் பயணம்: நட்சத்திர ஹோட்டல்ல பாண் வாங்கினது

வியாழன், வெள்ளவத்தை

யாழ்ப்பாணத்தில இருந்து வந்த இரவு பஸ் விடிய அஞ்சரை போல வெள்ளவத்தையில இறக்கி விட்டுது. ஏ9 வீதி முழுக்க மழை, ட்ரைவர் அண்ணை நிதானமாத்தான் ஓடினவர், அதால நித்திரையும் நல்லா வந்தது. எனக்கு இருந்த கந்தோர் அலுவல் பத்தரைக்கே முடிஞ்சுது, அதைப்பற்றி எழுத ஒண்டுமில்லை. மிச்ச நாளெல்லாம் நான் வந்த மற்ற அலுவலுக்குத்தான், அதாவது கொழும்பில இருக்கிற பெரிய ஹோட்டலுகளின்ர பேஸ்ட்ரி ஷொப்புகளுக்குப் போய் நத்தாருக்கு வீட்டை கொண்டுபோக இனிப்பும் பாணும் கட்டிக்கொண்டு வாறது.

எங்கட ஆக்கள் கனபேர் அந்தப் பக்கம் போறதேயில்லை. ரூம் எடுத்தாத்தான் உள்ள விடுவினம், இங்கிலிஷ் கதைக்கோணும், நல்ல உடுப்பு வேணும் எண்டு ஒரு நினைப்பு. அப்பிடி ஒண்டுமேயில்லை. வாசல்ல பையை ஸ்கேன் பண்ணுவினம், பிறகு நேர போய்க் கண்ணாடிக்கு முன்னால நிண்டு வேணுமானதைக் காட்டி வாங்கிக்கொண்டு வரலாம், ஒரு பணிஸ் வாங்கினாலும் பொக்ஸில வைச்சுத்தான் தருவினம்.

போறவையும் கேக்கை மட்டும் வாங்கிக்கொண்டு வந்திடுவினம். என்ர எண்ணம் அதில வேற. கேக் நல்லாச் செய்யிற ஆக்கள் எங்கட ஊர்லயும் இருக்கினம், வீட்டில ஓடர் எடுத்துச் செய்யிற அக்காமார் ரோஸும் பச்சையுமா ரிபன் கேக் அடிச்சு பட்டர் ஐசிங் பூசித் தந்தா அதுக்குக் கிட்ட எந்த ஹோட்டலும் வராது. ஆனா மாவை ஒரு இரவு முழுக்கக் குளிரில புளிக்க விட்டு, நீராவி விடுற அவணில போட்டு, நல்ல பட்டரை வைச்சு மடிச்சுச் செய்யிற பாண் இருக்கே, அதுக்குக் குளிரூட்டின குசினி வேணும், அந்த மெஷின் வேணும், பழகின கை வேணும், இது மூண்டும் ஒண்டாச் சேந்து இருக்கிறது பெரிய ஹோட்டலுகளிலதான். அதால நான் பாக்கப் போறது பாணை.

மாமி வீட்டில காலமச் சாப்பாடும் பாண்தான். ஏழு மணிக்கு ஒழுங்கைக்குள்ள சூன் பாண் ஓட்டோ, அதான் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விக்கிற ஓட்டோ, வந்தது, பீத்தோவன்ர அந்த மெட்டு தூரத்தில கேக்கேக்கயே மாமி பேர்சோட கீழ இறங்கிட்டா. ரோஸ் பாண், கிம்புலா பணிஸ், சீனிச்சம்பல் பணிஸ் எல்லாம் கண்ணாடிக்குள்ள அடுக்கியிருந்தது. கிம்புலா பணிஸுக்கு மேல ஒட்டியிருக்கிற சீனி பல்லில நறநறக்க தேத்தண்ணியோட சாப்பிட்டம். அதை நான் குறைச்சுச் சொல்லேல்ல, சின்ன வயசில இருந்து எனக்கு அது சரியான விருப்பம். ஹோட்டல் பாண் எண்டுறது வேற ஒரு சாமான், அவ்வளவுதான்.

நாளைக்கு மாமியும் வாறன் எண்டு சொல்லிட்டா. "எங்க பிள்ளை, ஒபரோய்க்கோ?" எண்டு கேட்டா. இப்ப அது சினமன் கிராண்ட் ஹோட்டல், பழைய கொழும்பு ஆக்களுக்கு இன்னும் ஒபரோய்தான்.

வெள்ளி, கொள்ளுப்பிட்டி

வெள்ளவத்தை ஸ்டேஷன்ல ட்ரெயின் எடுத்து கொள்ளுப்பிட்டியில இறங்கினம். இடப்பக்கம் முழுக்கக் கடல், அலை அடிச்சா தண்டவாளத்துக்குக் கிட்ட வரும்போல, இந்த ஓட்டத்துக்காகவே நான் பஸ்ஸை விட்டிட்டு ட்ரெயின்ல போறனான். அங்கயிருந்து காலி வீதியால மெதுவா நடந்து போனம், அலரி மாளிகைக்குக் கிட்டத்தான் ஹோட்டல்.

வாசல்ல பையை மெஷினுக்குள்ள விட்டு எடுத்தினம். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு அண்டைக்குக் குண்டு வெடிச்ச மூண்டு பெரிய ஹோட்டலுகளில இதுவும் ஒண்டு, மற்றது ரெண்டும் ஷங்கிரி லாவும் கிங்ஸ்பரியும். மாமி உள்ள வரேக்க ஒருக்கா நிண்டு கையைக் கும்பிட்டிட்டுத்தான் வந்தவ. நானும் நிண்டன். காலமைச் சாப்பாட்டுக்கு இருந்த சனம், வேலை செய்துகொண்டிருந்த பிள்ளையள் எண்டு நினைக்க மனம் கனக்குது. அதுக்குப் பிறகும் அந்த இடத்தைத் திரும்ப எழுப்பி விடிய விடிய மா குழைச்சுக்கொண்டு இருக்கினமே, அந்த வேலைக்காரருக்கு என்ர மரியாதை எப்பவும் இருக்கும்.

லொபியிலதான் அவையின்ர பேஸ்ட்ரி ஷொப், கொஃபி ஸ்டொப். நத்தார் நேரமெண்டபடியா எல்லா இடமும் சோடனை, இஞ்சி பிஸ்கட் வீடு, ஹம்பர் கூடையள். கண்ணாடிக்குள்ள ஒரு பக்கம் முழுக்க இனிப்பு: சொக்லேட் கேக், எக்லேயர், பழம் வைச்ச டார்ட், மரக்கட்டை மாதிரிச் சுருட்டின யூல் லொக். மற்றப் பக்கம் பாண். சனம் முழுக்க இனிப்புப் பக்கம் நிண்டுது, பாண் பக்கம் நாங்கள் ரெண்டு பேரும்தான்.

கவுண்டர்ல நிண்ட தம்பி முதல்ல சிங்களத்தில கேட்டார், மாமி என்னோட தமிழில கதைச்சதைக் கேட்டிட்டு முகம் மலர்ந்து, "என்ன வேணும்னு சொல்லுங்கக்கா, எல்லாம் இன்னைக்குக் காலையில போட்டதுதான்" எண்டார். ஹட்டன் பக்கத்துப் பிள்ளை. மாமியை அம்மா அம்மா எண்டுதான் கூப்பிட்டவர். நான் அவரிட்டக் கேட்ட கேள்வி ஒண்டுக்கும் அவர் சலிக்கேல்ல, எது எத்தினை நாளைக்குத் தாங்கும், எதை ஃப்ரிஜ்ஜில வைக்கலாம், எது பஸ்ஸில கொண்டுபோகலாம் எண்டு ஒவ்வொண்டா விளங்கப்படுத்தினார். மூஸ் கேக்கைக் காட்டி, "இத மட்டும் பஸ்ல கொண்டு போகாதீங்கக்கா, அனுராதபுரம் போகுமுன்னயே கரைஞ்சிடும்" எண்டும் அவரே சொன்னார். விக்கிற ஆள் வாங்க வேண்டாமெண்டு சொல்றது எவ்வளவு பெரிய விஷயம்.

குரோசோன் ரெண்டு வாங்கி அங்கயே ஒரு மூலையில இருந்து ஒண்டைப் பிச்சுப் பாத்தம். இதைப்பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போறன். வெளித்தோல் கை பட்டதும் நொறுங்கி மடியெல்லாம் கொட்டுது, உள்ளுக்கு மாவு வெள்ளையில்லாம மெல்லிய மஞ்சளா, தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கு. மாவுக்கு நடுவில பட்டர் தகட்டை வைச்சு மூண்டா மடிச்சு உருட்டி, குளிர வைச்சு, திரும்ப மடிச்சு, திரும்பக் குளிர வைச்சு, மூண்டுதரம் அப்பிடிச் செய்தா 27 படை பட்டர் வரும். அவணுக்குள்ள பட்டர்ல இருக்கிற தண்ணி ஆவியாகி ஒவ்வொரு படையையும் தூக்கி விடுறதாலதான் அந்த ஓட்டையள். கொழும்பு வெக்கையில, முப்பது பாகை சூட்டில, சாதாரண குசினியில இதைச் செய்யவே ஏலாது, மடிக்க முதலே பட்டர் இளகி மாவோட கலந்திடும், பிறகு அது பணிஸ் தான். அதுக்காகத்தான் பேஸ்ட்ரிக் குசினியைத் தனியாக் குளிரூட்டி வைச்சிருக்கிறவை.

வெளிக் கடையள்ல வாற குரோசோன் கனக்க மாஜரின்ல செய்யிறது. அந்த மாஜரின் எங்கட உடம்புச் சூட்டிலயும் முழுக்க உருகாது, அதாலதான் சாப்பிட்டு முடிஞ்சும் மேலண்ணத்தில ஒரு படலம் ஒட்டிக்கொண்டே இருக்கும். பட்டர் அப்பிடியில்லை, வாயில பட்டதும் போயிடும். போன முறை வேற ஒரு கடையில, பேர் வேண்டாம், முதல் நாள் குரோசோனை மைக்ரோவேவில சூடாக்கித் தந்தவை, ரப்பர் மாதிரி இழுபட்டது. அதுக்குக் குடுத்த காசை நினைச்சா இண்டைக்கும் எனக்குக் கோவம் வருது.

பிறகு பெரிய சவர்டோப் பாண் ஒண்டு. தம்பி அதை ரெண்டு கையாலயும் தூக்கித் தந்தார், நல்ல பாரம். அடிப்பக்கத்தை விரலால தட்டினா மேளம் தட்டினமாதிரி வெறுஞ்சத்தம் வரோணும், வந்தது. மேல கத்தியால கீறின இடம் வெடிச்சு விரிஞ்சு, ஓரமெல்லாம் கறுப்புக்குக் கிட்டப்போன மண்ணிறம். மா, தண்ணி, உப்பு, அவ்வளவுதான், ஈஸ்ட்கூடப் போடாம, வளத்து வைச்சிருக்கிற புளிச்ச மாவாலதான் பொங்க வைக்கிறது. எங்கட அப்பத்துக்கும் தோசைக்கும் புளிக்க வைக்கிற ஆக்களுக்கு இதின்ர ருசி புதுசா இருக்காது. வெட்டித் தரட்டோ எண்டு கேட்டார், வேண்டாமெண்டன். வெட்டினாக் கெதியாக் காஞ்சிடும், முழுசாக் கொண்டுபோனா நாலைஞ்சு நாள் தாங்கும்.

மாமி அந்தப் பாணைக் கடுதாசிப் பையோட மடியில வைச்சுக்கொண்டு கனநேரம் ஒண்டும் கதைக்கேல்ல. பிறகுதான் சொன்னா, சிறிமா பிரதமரா இருந்த காலத்தில, 1970க்குப் பிறகு, விடியக்காலம நாலு மணிக்கு ஐயாவோட போய் ஒரு றாத்தல் பாணுக்குக் கியூவில நிண்டதாம், கிட்டப் போகேக்க முடிஞ்சுதெண்டு கதவைச் சாத்திப்போடுவினமாம். பிறகு யாழ்ப்பாணத்தில பொருளாதாரத் தடை இருந்த நேரம், பிறகு 2022இல மாவும் காஸும் கரண்டும் இல்லாம பேக்கரியள் பூட்டினது. மாமி கோதுமை மாவை இண்டைக்கும் அமெரிக்கன் மா எண்டுதான் சொல்லுவா. கோதுமை எங்கட நாட்டில விளையாது, கப்பல்ல வந்து திருகோணமலையில பிரிமா ஆலையிலயும் கொழும்பிலயும் அரைச்சுத்தான் எங்கட கைக்கு வருது, அதால பாண் எண்டது எங்கட சனத்துக்கு எப்பவும் தட்டுப்பாட்டோடயே சேந்து வந்த சாப்பாடு. அந்தப் பாணையே இவ்வளவு வடிவாச் செய்து கண்ணாடிக்குள்ள வைச்சிருக்கிறதைப் பாக்க மாமிக்கு என்ன மாதிரி இருந்திருக்கும் எண்டு எனக்கு விளங்கினது.

பில் போடேக்க ஒண்டைக் கவனியுங்கோ, விலைச்சீட்டில இருக்கிறது வற் (பெறுமதி சேர் வரி) சேந்த விலையோ எண்டு முதலே கேட்டிடுங்கோ. 2024 ஜனவரியில இருந்து வற் 18 வீதம், நாலைஞ்சு சாமான் வாங்கினா அது நல்லாத் தெரியும்.

சனி, தும்முல்லை, பிறகு கோட்டை

பகல் தும்முல்லைச் சந்திக்குக் கிட்ட இருக்கிற டச் பேர்கர் யூனியனுக்குப் போனன், ஒல்லாந்தர் வழிவந்த பேர்கர் ஆக்கள் 1908இல தொடங்கின சங்கம். ஹோட்டல் இல்லைத்தான், ஆனா நத்தார் பாண் எண்டு கதைக்க வெளிக்கிட்டா ப்ரூடரை விட்டிட்டுக் கதைக்கேலாது. ஒல்லாந்தர் விட்டிட்டுப் போனது, ஈஸ்ட் போட்டுப் பொங்கின மா, முட்டையும் பட்டரும் கனக்க, முந்திரிகை வத்தல் தூவி, வரிவரியான அச்சில சுட்டெடுக்கிறது. பேர்கர் வீடுகளில நத்தார் விடியவும் வருசப்பிறப்பு விடியவும் இதை வெட்டி, பட்டர் பூசி, சிவப்பு மெழுகு உருண்டைச் சீஸ் இருக்கே, எடாம், அதோட சாப்பிடுவினம். முதல்ல கேக்கா பாணா எண்டு பிடிபடாது, ரெண்டாவது துண்டிலதான் இனிப்புக் குறைவெண்டதும் சீஸின்ர உப்பு எவ்வளவு பொருந்துதெண்டதும் விளங்கும். சோறும் கறியும் வாழையிலையில கட்டின லம்ப்ரைஸும் ஒண்டு மத்தியானத்துக்கு.

பின்னேரம் கோட்டைப் பக்கம், ஹில்டன். 1987இல திறந்த ஹோட்டல், அங்க கஃபே காய் எண்ட கஃபேயில இருக்கிற கேக் கண்ணாடியைப் பாக்கவே போகலாம். இங்க நான் தேடினது ஸ்டொலன். ஜெர்மன்காரர் நத்தாருக்குச் செய்யிற பாண், ட்ரெஸ்டன் நகரத்தது பேர் போனது. ரம்மில ஊறின முந்திரிகை வத்தலும் தோடம்பழத் தோலும் பாதாமும் மாவுக்குள்ள, நடுவில மார்சிபான் ஒரு கயிறு மாதிரி, அவணால எடுத்த சூட்டோட உருக்கின பட்டரைப் பூசிப்பூசி, மேல ஐசிங் சீனியைப் பனி மாதிரிக் கொட்டிவிடுவினம். அந்தப் பட்டரும் சீனியும்தான் காத்துப் படாமக் காப்பாத்துறது, அதால கிழமைக்கணக்கில கெடாது, வைக்க வைக்க ருசியும் கூடும். பஸ்ஸில யாழ்ப்பாணம் கொண்டுபோக இதைவிடப் பொருத்தமான சாமான் ஒண்டு இருக்கெண்டு நான் நினைக்கேல்ல.

இன்னொண்டும் சொல்லோணும். பெரிய ஹோட்டலுகள் சிலதில இரவு கொஞ்ச நேரம் பேஸ்ட்ரி விலையை நல்லாக் குறைப்பினம், அண்டைக்குச் செய்ததை அடுத்த நாளைக்கு வைக்க மாட்டினமெண்டபடியா. நேரமும் கழிவும் ஒவ்வொரு இடத்துக்கும் வேற, கிழமைக்குக் கிழமையும் மாறும், போக முதல் ஃபோன் எடுத்துக் கேளுங்கோ. ஆனா அது கேக்குக்கும் மஃபினுக்கும் சரி, பாணுக்குச் சரிவராது. பகெட் எண்ட நீட்டுப் பிரெஞ்சுப் பாண் மாதிரிக் கொழுப்பு இல்லாத பாண் விடியச் சுட்டா பின்னேரம் காயத் தொடங்கிடும், அதை விடியவே வாங்கோணும்.

ஞாயிறு, வெள்ளவத்தை

இண்டைக்கு வெளிய போகேல்ல. மாமி வீட்டு மேசையில எல்லாத்தையும் பரப்பி வைச்சு ருசி பாத்தம், மேல் வீட்டு அன்ரியும் அவவின்ர மகளும் வந்தவை. லவ் கேக் ரெண்டு விதமா இருந்தது, ஹோட்டல்ல வாங்கினது ஒண்டு, அன்ரி செய்தது ஒண்டு. ரவை, கஜு, முட்டை மஞ்சள்கரு, பூசணித் தோசி, ரோஸ் வாட்டர், ஏலம், சாதிக்காய், சாமான் ரெண்டுக்கும் ஒண்டுதான், ஆனா அன்ரியின்ரதில கஜுவைக் கையால கொத்தினது பல்லில தட்டுப்படுது, உள்ளுக்கு ஈரமா, மேல மட்டும் மெல்லிசா முறுகி இருந்தது. எல்லாரும் அன்ரியின்ரதுக்குத்தான் கை நீட்டினம். நான் வியாழக்கிழமை எழுதினது இதைத்தான், கேக்கில வீட்டுக் கை வெல்லும்.

சவர்டோவை வெட்டேக்க அன்ரியின்ர அந்தச் சின்னப் பிள்ளை கிட்ட வந்து நிண்டு பாத்தாள். கத்தி தோலில ஏறேக்க நறுக்கெண்டு சத்தம், உள்ளுக்கு ஈரப்பதமா ஒரு மினுக்கம், புளிப்பு மணம். மாமி அதுக்குக் கட்டைச்சம்பல் இடிச்சு வைச்சா. பட்டரும் ஜாமும் எனக்கு நினைவுக்கே வரேல்ல, தேங்காயும் செத்தல் மிளகாயும் தேசிப்புளியும் அந்தப் பாணின்ர புளிப்போட சேந்து நிண்ட மாதிரி வேற எதுவும் நிண்டிருக்காது. பிள்ளைக்கு மட்டும் அஸ்ட்ரா மாஜரின் பூசிச் சீனி தூவிக் குடுத்தம், அவள் மூண்டு துண்டு சாப்பிட்டாள்.

கட்டிற வேலைதான் முக்கியம். மொரமொரப்பான பாணைப் பொலித்தீனில போடாதேங்கோ, வேர்த்துத் தோல் துவண்டிடும், கடுதாசிப் பையில போட்டு மேல ஒரு பருத்தித் துண்டால சுத்துங்கோ. ஸ்டொலனை அதுக்கு மாறா நல்லா இறுக்கிச் சுத்தோணும், அதுக்குக் காத்துத்தான் எதிரி. லவ் கேக்கை எண்ணெய்த்தாள் போட்ட டின்னில. ப்ரூடர் நசுங்குமெண்டபடியா மாமி அதைச் சோத்துச் சட்டி ஒண்டுக்குள்ள வைச்சு மூடிக் கட்டித் தந்தா. பஸ்ஸில மேல் தட்டில வைக்காம மடியிலயே வைச்சிருந்தன், மேல எப்பவும் ஆரும் ஒரு சூட்கேஸைத் தூக்கி அதுக்கு மேல போட்டிடுவினம்.

திங்கள், வீடு

எல்லாம் உடையாம வந்து சேந்தது. அம்மா ப்ரூடரை அறுத்துப் பக்கத்து வீடுகளுக்கும் ஒரு துண்டு குடுத்துவிட்டா. தம்பியின்ர பிள்ளையளுக்கு ஸ்டொலனுக்குள்ள இருக்கிற மார்சிபான்தான் பிடிச்சுது, அதை மட்டும் தோண்டி எடுத்துச் சாப்பிட்டதில நடுவில ஒரு குகை. நத்தார் வரைக்கும் வைக்க நினைச்சது நத்தாருக்கு நிக்காது போல.

சவர்டோவைத் திரும்ப உயிர்ப்பிக்கிறதைப் பற்றி ரெண்டு பேர் கேட்டிருந்தீங்கள். அவண் இருந்தா தோலில தண்ணி தெளிச்சு அஞ்சு பத்து நிமிசம் சூடாக்குங்கோ, அண்டைக்குச் சுட்டது மாதிரி வரும். அவண் இல்லாட்டி தடிச்ச தோசைக்கல்லை நெருப்புக் குறைச்சுக் காயவிட்டு, துண்டை வைச்சு, கல்லின்ர ஓரத்தில ரெண்டு துளி தண்ணி விட்டு மூடிவிடுங்கோ, ஒரு நிமிசத்தில உள்ளுக்குப் பஞ்சாகும், பிறகு மூடியை எடுத்து ரெண்டு பக்கமும் முறுக விடுங்கோ. எங்கட வீட்டில பாதிப் பாண் இன்னும் மிச்சம் இருக்கு, நாளைக்கு விடிய அம்மா அதை அப்பிடி வாட்டி, இண்டைக்கு வைச்ச மீன் குழம்போட தரப்போறாவாம்.